முதல் இத்தாலி ட்ரிப், பசங்களோட: மூணு ஊரா, ரெண்டு ஊரா, ஒரே ஊரா?

இத்தாலி போலாம்னு யார்கிட்ட சொன்னாலும் கைக்கு வர்ற முதல் ப்ளான் ஒண்ணேதான், ரோம், ஃப்ளாரன்ஸ், வெனிஸ், நடுவுல பீசா கோபுரத்த கையால தாங்குற மாதிரி ஒரு ஃபோட்டோ, நேரம் மிஞ்சினா மிலான்ல ஒரு ராத்திரி. ட்ராவல் ஏஜென்டும் அதான் குடுக்கறாங்க, போயிட்டு வந்த சொந்தக்காரங்களும் அதான் சொல்றாங்க. தப்பான ப்ளான்னு சொல்ல மாட்டேன், பெரியவங்க ரெண்டு பேர் மட்டும் போனா அருமையான ப்ளான். ஆனா எங்க வீட்டுல பெரியவளுக்கு பதினொண்ணு, சின்னவனுக்கு ஆறு, லீவு முன்னும் பின்னும் சனி ஞாயிறு சேத்தாலும் போக வர போனது போக அங்க தங்கறதுக்குன்னு மிஞ்சறது ஏழு ராத்திரி. இந்த ஏழ எப்படி பிரிக்கறதுன்னுதான் வீட்டுல பேச்சு ஓடிட்டு இருக்கு, அதத்தான் இங்க எழுதறேன். நான் வேலை விஷயமா முன்னாடி இத்தாலி போயிருக்கேன், ஆனா தனியா போறதுக்கும் தண்ணி பாட்டில், ஜட்டி, "அம்மா கால் வலிக்குது" இதெல்லாம் தூக்கிட்டு போறதுக்கும் சம்பந்தமே கிடையாது.

எல்லாரும் எத்தன ஊர் பாக்கறோம்னு எண்ணுறாங்க. நான் எண்ணுறது எத்தன தடவை ரூம் மாத்தறோம்னு. ரோம்லேருந்து ஃப்ளாரன்ஸ் ஃபாஸ்ட் ட்ரெயின்ல ஒன்றரை மணி நேரம்தான், படிக்கும்போது ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். ஆனா காலையில எழுந்து பெட்டி கட்டி, சார்ஜரும் ஒத்த சாக்ஸும் தேடி, பத்து மணிக்கு ரூம காலி பண்ணி, ஸ்டேஷன் போயி, ப்ளாட்ஃபார்ம் நம்பர் கடைசி நிமிஷத்துல போர்டுல வர்ற வரைக்கும் அண்ணாந்து பாத்துட்டு நின்னு, அந்த ஊர்ல இறங்கினா புது ரூம் மதியம் ரெண்டு மணிக்கோ மூணு மணிக்கோதான் தருவாங்க, அது வரைக்கும் பெட்டிய எங்கயாவது போட்டுட்டு பசியோட சுத்தணும். ஒரு தடவை ரூம் மாத்தினா பாதி நாள் காலி, பசங்க இருந்தா முக்கால் நாள்னே வெச்சுக்கலாம். மூணு ஊர்னா ரெண்டு மாற்றம், அதாவது ஏழு நாள்ல கிட்டத்தட்ட ஒன்றரை நாள் பெட்டி இழுக்கறதுக்கே போகுது. மிலான், பீசா எல்லாம் சேத்தா கேக்கவே வேணாம்.

இன்னொரு விஷயம் யாரும் சொல்றதில்ல, மணிக்கணக்கு. கோடையில இத்தாலி நம்ம விட மூன்றரை மணி நேரம் பின்னாடி. இங்க காலையில ஆறரைக்கு எந்திரிக்கிற குழந்தை அங்க மூணு மணிக்கே முழிச்சு உக்காந்துக்கும், சாயங்காலம் ஆறு ஆறரைக்கு கண்ணு சொருகிடும். இத்தாலில நல்ல ஹோட்டல் ராத்திரி சாப்பாட்டுக்கு கதவு திறக்கறதே ஏழு, ஏழரைக்குத்தான். முதல் ரெண்டு மூணு நாள் இந்த இழுபறி இருக்கும், அதுக்குள்ளயே ரூமும் மாத்தினீங்கன்னா நீங்களும் அழுவீங்க பசங்களும் அழுவாங்க. ஆனா இதையே நமக்கு சாதகமா திருப்பலாம். எப்படியும் முழிச்சாச்சு, விடிஞ்சதும் ஆறு மணிக்கு பசங்கள கூட்டிட்டு ட்ரெவி ஃபவுண்டனுக்கு நடந்து போங்க, பகல்ல தலை தலையா தெரியுற இடம் அப்போ ஏறக்குறைய காலியா இருக்கும், காசு தூக்கி போட்டுட்டு வர்ற வழியில பேக்கரில சூடா கொர்னெட்டோங்கற இனிப்பு பன் சாப்பிடலாம். பேக்கேஜ் டூர் பஸ்ல போறவங்களுக்கு இது கிடைக்காது. அதனால எந்த ப்ளான் எடுத்தாலும் முதல் ஊர்ல குறைஞ்சது மூணு ராத்திரி, முடிஞ்சா நாலு, இதுல மட்டும் நான் விட்டுக்குடுக்க மாட்டேன்.

சரி, முதல்ல அந்த புகழ்பெற்ற மூணு ஊர் ப்ளான். ரோம் மூணு, ஃப்ளாரன்ஸ் ரெண்டு, வெனிஸ் ரெண்டு. இதுல நல்லது என்னன்னா ட்ரெயின் சூப்பர், ட்ரெனித்தாலியா, இத்தாலோன்னு ரெண்டு கம்பெனி போட்டி போட்டு ஓட்டறாங்க, சீக்கிரமே புக் பண்ணா டிக்கெட் பாதி விலைக்கு கூட கிடைக்கும், பெரியவங்களோட போற பசங்களுக்கு டிக்கெட் இலவசமா குடுக்கற ஃபேமிலி ஆஃபரும் ரெண்டு பேர்கிட்டயும் உண்டு, அதையும் சலுகை டிக்கெட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு கூட்டி பாத்துட்டு எது குறைவோ அத எடுங்க, ஏன்னா ஃபேமிலி ஆஃபர்ல பெரியவங்க முழு விலை குடுக்கணும். ரோம்ல ஏறினா ஃப்ளாரன்ஸ் ஒன்றரை மணி நேரம், அங்கேருந்து வெனிஸ் ரெண்டே கால் மணி நேரத்துக்குள்ள. வெனிஸ்லேருந்தே திரும்ப ஃப்ளைட் ஏறிடலாம், ரோம் திரும்பி வரணும்னு இல்ல. சென்னைலேருந்து இத்தாலிக்கு நேர் ஃப்ளைட் கிடையாது, துபாய், தோஹா மாதிரி எங்கயாவது மாறித்தான் போகணும், அந்த ஏர்லைன்ஸ்ல ரோம்ல இறங்கி வெனிஸ்ல ஏறற மாதிரி டிக்கெட் போட்டா பெரும்பாலும் விலை பெருசா மாறாது. இத தெரியாம ரோம் டு ரோம் டிக்கெட் போட்டுட்டு கடைசி நாள் நாலு மணி நேரம் ட்ரெயின்ல திரும்பி வர்றவங்க நிறைய பேர்.

கெட்டது என்னன்னா ஃப்ளாரன்ஸ். இத சொன்னா அடிக்க வருவாங்க, தெரியும். ஃப்ளாரன்ஸ் மாதிரி ஊர் உலகத்துல இல்ல, ஆனா அந்த ஊரோட சரக்கு முழுக்க மியூசியத்துக்குள்ள இருக்கு. உஃபீட்சி, அக்கடேமியா, பிட்டி அரண்மனை. ஆறு வயசு பையன் போட்டிச்செல்லி ஓவியத்த எத்தன நிமிஷம் பாப்பான்? டேவிட் சிலை அஞ்சு மீட்டருக்கு மேல உயரம், மைக்கலாஞ்சலோ 1501லேருந்து 1504 வரைக்கும் செதுக்கினது, அது அவன வாயப் பொளக்க வைக்கும், ஒத்துக்கறேன், ஆனா அது பத்து நிமிஷம், அதுக்கு முன்னாடி க்யூ முக்கால் மணி நேரம். கதீட்ரல் குவிமாடம் ஏறணும்னா 463 படி, குறுகலான சுவர், லிஃப்ட் கிடையாது, பாதியில "திரும்பி போலாம்"னு சொன்னா திரும்பவும் முடியாது. பீசா போறதுன்னா ட்ரெயின்ல ஒரு மணி நேரம், எட்டு வயசுக்கு கீழ கோபுரத்துல ஏத்தவே மாட்டாங்க, சின்னவன் கீழ நிக்கணும், அவன் கூட யாராவது ஒருத்தர் நிக்கணும், அப்புறம் அக்கா தம்பி சண்டைய பீசால இருந்தே ஆரம்பிக்கலாம்.

அதுக்காக ஃப்ளாரன்ஸ்ல பசங்களுக்கு ஒண்ணுமே இல்லன்னு இல்ல. பலாட்ஸோ வெக்கியோல ரகசிய வழிகள காட்டுற டூர் இருக்கு, குழந்தைகளுக்குன்னே தனியா நடத்தறாங்க. கலிலியோ மியூசியத்துல கலிலியோவோட விரல கண்ணாடிக்குள்ள வெச்சிருக்காங்க, நிஜ விரல், எங்க பொண்ணுகிட்ட சொன்னதுலேருந்து அவளுக்கு இத்தாலின்னாலே அந்த விரல்தான். சிக்னோரியா சதுக்கத்துல டேவிட்டோட நகல் சும்மாவே நிக்குது, பக்கத்துலயே கூரை போட்ட திறந்த மண்டபத்துல மெடூசா தலைய வெட்டி தூக்கி பிடிச்சிருக்கற பெர்சியஸ் வெண்கலச் சிலை, டிக்கெட்டே வேணாம். பசங்க பத்து பன்னெண்டு வயசுக்கு மேல, படிக்கற பசங்க, வரையற பசங்கன்னா ஃப்ளாரன்ஸ கண்டிப்பா வைங்க, நான் சொல்றது சின்னதுங்க இருக்கற வீட்டுக்கு.

அடுத்தது நேர் எதிர், ரோம் மட்டும், ஏழு ராத்திரியும் ஒரே ரூம். முதல்ல கேட்டப்போ எனக்கே போர் அடிக்குமோன்னு இருந்துச்சு, உக்காந்து எழுதி பாத்தா அடிக்காது. கொலோசியம் கி.பி. 80ல திறந்தது, தரைக்கு கீழ மிருகங்கள மேல தூக்கி விடற லிஃப்ட் மாதிரி பொறி இருந்துச்சுன்னு சொன்னா எந்த குழந்தையும் நிமிந்து உக்காரும். பாந்தியன்ங்கற பழைய ரோமானிய கோயில் குவிமாடத்துல நடுவுல ஓட்டை, மழை பெஞ்சா உள்ளயே பெய்யும், தண்ணி போக தரையில சின்ன சின்ன துளை போட்டிருக்காங்க, அதுங்கள தேடி கண்டுபிடிக்க சொல்லிட்டா நீங்க நிம்மதியா அண்ணாந்து பாக்கலாம். கம்பி இல்லாத கான்கிரீட், 43 மீட்டர் அகலம், கிட்டத்தட்ட ரெண்டாயிரம் வருஷம் ஆகப்போகுது, இன்னும் நிக்குது. கொலோசியம், பாந்தியன் எல்லாம் அரசாங்கத்தோடது, 18 வயசுக்கு கீழ எந்த நாட்டு பசங்களுக்கும் கட்டணம் கிடையாது, ஆனா கொலோசியத்துக்கு அந்த இலவச டிக்கெட்டையும் பேர் போட்டு புக் பண்ணணும், பாஸ்போர்ட்ல இருக்கற பேரே இருக்கணும். பெரியவங்களுக்கு 18 யூரோ. முப்பது நாள் முன்னாடி அவங்க வெப்சைட்ல திறப்பாங்க, திறந்த அன்னைக்கே வாங்கிடுங்க, இல்லன்னா அதே டிக்கெட்ட ரெண்டு மூணு மடங்கு விலைக்கு டூர்னு பேர் வெச்சு விப்பாங்க.

மியூசியம் போதும்னு தோணினா போர்கேசே தோட்டம் இருக்கு, நாலு பேர் மிதிக்கற சைக்கிள் வண்டி வாடகைக்கு, குளத்துல துடுப்பு படகு, ஒரு மிருகக்காட்சி சாலை. ஊர் பூரா தெருவோரத்துல நசோனின்னு இரும்பு குழாய், ராத்திரி பகலா குடிதண்ணி ஓடிட்டே இருக்கும், பாட்டில் வாங்க வேணாம், குழாய் மூக்க விரலால அடைச்சா மேல இருக்கற சின்ன ஓட்டை வழியா தண்ணி பீச்சும், பசங்களுக்கு இது போதும். பஸ் மெட்ரோ டிக்கெட் 1.50 யூரோ, நூறு நிமிஷம் செல்லும், பத்து வயசுக்கு கீழ இலவசம். ஒரு நாள் ஓஸ்தியா ஆன்டிகா போலாம், அதே நகர டிக்கெட்லயே அரை மணி நேர ட்ரெயின், பழைய ரோமோட துறைமுக ஊர் அப்படியே இடிபாடா கிடக்கு, கூட்டம் கம்மி, பைன் மர நிழல் இருக்கு, வியாபாரிங்க சதுக்கத்துல கப்பல், யானையெல்லாம் மொசைக்ல தரையிலயே போட்டிருக்காங்க. திங்கக்கிழமை மட்டும் லீவு.

இங்க ஒண்ணு சொல்லணும். கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை பசங்கள எக்மோர் மியூசியத்துக்கு கூட்டிட்டு போங்க. கோயம்புத்தூர், புதுக்கோட்டை பக்கம் மண்ணுக்குள்ளேருந்து எடுத்த ரோமானிய காசு அங்க இருக்கு. நம்ம கடற்கரையிலேருந்து மிளகு ஏத்திட்டு போனதுக்கு அவங்க குடுத்த காசு. அங்க ரோம்ல ஃபோரம்ங்கற பழைய ஊர் மையத்துல, மக்சென்டியஸ்ங்கற ராஜா பேர்ல இருக்கற கட்டடம் நிக்குற இடத்துல ஒரு காலத்துல மிளகு கிடங்கே இருந்துச்சு. நம்ம ஊர்ல பாத்த காசோட ராஜா இங்கதான் இருந்தான், நம்ம மிளகு இங்கதான் வந்து இறங்குச்சுன்னு சொல்லும்போது வெறும் கல்லு மண்ணுன்னு சலிச்சுக்கற குழந்தைக்கு கூட ஒரு பிடிமானம் கிடைக்கும். இதுக்கு பெருசா செலவும் இல்ல.

ரோம்ல நான் தயங்கறது வாத்திகன் மியூசியம். சிஸ்டின் சேப்பல் போக ஒரே திசையில கூட்டத்தோட கூட்டமா ரொம்ப தூரம் நடக்கணும், போய் சேந்ததும் பேசக்கூடாது, ஃபோட்டோ எடுக்கக்கூடாது, உக்கார இடம் கிடைச்சா அதிர்ஷ்டம். சின்ன குழந்தையோட இது தண்டனை. ஒருத்தர் பசங்கள பாத்துக்கிட்டு இன்னொருத்தர் போயிட்டு வரலாம், இல்ல செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயம் மட்டும் பாருங்க, அது இலவசம், தோளும் முட்டியும் மூடற மாதிரி உடுத்திருக்கணும், காலையில சீக்கிரம் போனா செக்யூரிட்டி க்யூ குறைவு. மேல குவிமாடம் 551 படி, லிஃப்ட்ல பாதி போனாலும் முந்நூத்தி சொச்சம் மிச்சம் இருக்கு.

மூணாவது, ரோம் ப்ளஸ் நேபிள்ஸ். ரோம்லேருந்து ஒரு மணி பத்து நிமிஷம். எரிமலை, டைனோசர், மம்மின்னு பைத்தியமா இருக்கற குழந்தை வீட்டுல இருந்தா யோசிக்கவே வேணாம், வெனிஸ விட்டுட்டு இத எடுங்க. பொம்பேய் கி.பி. 79ல வெசுவியஸ் வெடிச்சு மூடின ஊர், 66 ஹெக்டேர், அதுல மூணுல ரெண்டு பங்குதான் தோண்டியிருக்காங்க. தெருவ தாண்ட வெச்ச பெரிய பெரிய கல்லு, வண்டிச் சக்கரம் ஓடி ஓடி விழுந்த பள்ளம், பேக்கரி அடுப்பு, வாசல்ல நாய் மொசைக். செத்தவங்க உடம்பு கிடந்த வடிவத்துல எடுத்த ப்ளாஸ்டர் உருவங்களும் இருக்கு, சில குழந்தைங்க ராத்திரி தூங்காது, முன்னாடியே சொல்லி வைங்க. நிழல் ரொம்ப கம்மி, தொப்பி இல்லாம போகாதீங்க, மே கடைசிக்கு மேல மதியம் வேணவே வேணாம். 2024 நவம்பர்லேருந்து ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல விடறதில்ல, டிக்கெட் முன்னாடியே எடுக்கணும். நேபிள்ஸ்லேருந்து போற சர்க்கும்வெசுவியானா லோக்கல் ட்ரெயின் நம்ம பீக் அவர் லோக்கல் மாதிரியேதான், ஏசி எதிர்பாக்காதீங்க, பர்ஸ முன் பாக்கெட்ல வைங்க.

நேபிள்ஸ் ஊர் எங்க வீட்டுல ரெண்டு கட்சி. எனக்கு பிடிக்கும், சத்தம், துணி காயப்போட்ட சந்து, ஸ்கூட்டர், பீட்சா அங்க மாதிரி எங்கயும் இல்ல. வீட்டுக்காரர் "இதுக்கு எதுக்கு ஏழாயிரம் கிலோமீட்டர், பாரிஸ் போலாமே" ன்னார். அவர் சொல்ற பாரிஸ் சென்னை பாரிஸ். இத தவிர ரோம்லேருந்து காலையில போயி ராத்திரி திரும்பற மாதிரியும் பொம்பேய் பாக்கலாம், முடியும், ஆனா ஆறு வயசோட அது நீளமான நாள். அதுக்கு ஓஸ்தியா போதும்ங்கறது என் கணக்கு.

நாலாவது, வடக்கு ப்ளான், வெனிஸ், வெரோனா, கார்டா ஏரி. ரோமே வேணாம். கார்டாலாண்ட்னு பெரிய தீம் பார்க் ஏரிக்கரையில இருக்கு, வெரோனால கொலோசியத்துக்கு சின்ன தம்பி மாதிரி அரேனா இருக்கு, வெனிஸ்லேருந்து வெரோனா ஒரு மணி பத்து நிமிஷம் சொச்சம். ஜெர்மனி, சுவிஸ் பக்கம் இருக்கற நம்ம ஆளுங்களுக்கு கார்லயே வந்துடலாம், அவங்களுக்கு நல்ல ப்ளான். இங்கேருந்து ஃப்ளைட்டுக்கு அவ்ளோ காசு கொட்டிட்டு போயி தீம் பார்க்ல நிக்கறதுக்கு எனக்கு மனசு வரல. ஃப்ளாரன்ஸ சுத்தி இருக்கற டஸ்கனில பண்ணை வீடு, நீச்சல் குளம், வாடகை கார்ங்கற ப்ளானும் அதே கதைதான், பத்து நாளுக்கு மேல லீவு இருந்தா சொர்க்கம், முதல் தடவை போறவங்களுக்கு தலைவலி. இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் எடுக்கணும், 150 சென்டிமீட்டர் உயரத்துக்கு கீழ இருக்கற பசங்களுக்கு சீட் வாங்கணும், ஊர் நடுவுல ZTLன்னு வெளி வண்டிக்கு தடை போட்ட பகுதி ஒண்ணு இருக்கும், தெரியாம நுழைஞ்சா கேமரா பிடிச்சு மாசக்கணக்கு கழிச்சு வீட்டுக்கு அபராதம் வரும்.

வெனிஸுக்கு வர்றேன், ஏன்னா முடிவு அதுலதான் தொங்குது. கார் இல்லாத ஊர்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா பசங்களுக்கு அது எவ்ளோ பெரிய விஷயம்னு பெரியவங்களுக்கு தெரியறதில்ல. ஆம்புலன்ஸ் படகு, குப்பை வண்டி படகு, கொரியர் படகு, போலீஸ் படகு, ஃபயர் சர்வீஸ் படகு. பாலத்துல நின்னு ஒவ்வொண்ணா எண்ண விட்டாலே ஒரு காலை போயிடும். மியூசியமே பாக்காம ரெண்டு நாள் ஓட்டக்கூடிய ஊர் இத்தாலில இது ஒண்ணுதான். புரானோ தீவுக்கு படகுல முக்கால் மணி நேரம், வீடு பூரா கலர் கலரா பெயின்ட், முரானோல கண்ணாடி ஊதறத பாக்கலாம்.

ஆனா கால்வாய் ஓரத்துல நிறைய இடத்துல கைப்பிடி கிடையாது, தத்தி நடக்கற ஒன்றரை ரெண்டு வயசு குழந்தை இருந்தா கைய விடவே முடியாது, நிம்மதி போயிடும். நானூறுக்கு மேல பாலம், பெரும்பாலும் படிக்கட்டு பாலம், ஸ்ட்ரோலர ஆளுக்கொரு பக்கம் தூக்கணும், பெட்டியும் அதே கதி. அதனால மூணு வயசுக்கு கீழ குழந்தைன்னா வெனிஸ் வேணாம்னே சொல்லுவேன், இல்ல ஸ்ட்ரோலர விட்டுட்டு உடம்புல கட்டிக்கற கேரியர் எடுத்துட்டு போங்க. செலவும் கொஞ்சம் கடிக்கும். வாப்பரெட்டோங்கற படகு பஸ் ஒரு தடவை ஏறினா 9.50 யூரோ, ஆறு வயசு ஆனதும் முழு டிக்கெட். ரெண்டு நாள் பாஸ் 35, மூணு நாள் 45, இதுல ஆறுலேருந்து 29 வயசு வரைக்கும் ரோலிங் வெனிஸ்னு ஒரு கார்டு எடுத்தா மூணு நாள் பாஸ் நல்லா குறையும், பசங்களுக்கு அத கேட்டு வாங்குங்க. கொண்டோலா பகல்ல அரை மணி நேரத்துக்கு 90 யூரோ, அது படகுக்கு, ஆளுக்கு இல்ல, அஞ்சு பேர் வரைக்கும். வேணாம்னா பெரிய கால்வாய அக்கரை கடக்கறதுக்கு ட்ரகெட்டோன்னு ஒண்ணு இருக்கு, பாக்க கொண்டோலா மாதிரியேதான், ரெண்டு யூரோ, ரெண்டு நிமிஷம். சின்னவனுக்கு வித்தியாசம் தெரியாது. பெரியவளுக்கு தெரியும்.

பகல்ல மட்டும் வெனிஸ் வந்துட்டு போறவங்களுக்கு 2024லேருந்து சீசன்ல சில நாள் நுழைவு கட்டணம் இருக்கு, அங்கயே தங்கறவங்களுக்கும் 14 வயசுக்கு கீழயும் கிடையாது, ஆனா தங்கறவங்க ஆன்லைன்ல பதிஞ்சு க்யூஆர் எடுத்து வெச்சுக்கணும். தங்கறது தீவுலயா, கரையில மெஸ்த்ரேலயா? மெஸ்த்ரேல ரூம் நல்லாவே மலிவு, ட்ரெயின்ல பத்து நிமிஷம்தான். ஆனா வெனிஸ்ல அழகான நேரம் டூர் கூட்டம் போனதுக்கப்புறம் சாயங்காலமும் அவங்க வர்றதுக்கு முன்னாடி காலையிலயும்தான், மெஸ்த்ரேல தங்கினா அது ரெண்டும் போச்சு. ஸ்டேஷன்கிட்ட கன்னரேஜோ பக்கம் ரூம் எடுத்தா தீவுல தங்கின மாதிரியும் ஆச்சு, பாலத்துல பெட்டி தூக்கறதும் குறையும், ரூம் விலையும் பெரிய சதுக்கம் இருக்கற சான் மார்க்கோ பக்கத்த விட கொஞ்சம் கம்மி. ட்ரெயின்ல வரும்போது மெஸ்த்ரேல இறங்கிடாதீங்க, கடைசி ஸ்டேஷன் சான்தா லூசியா.

ஆக எங்க கணக்கு இப்படி வந்து நிக்குது, ரோம் நாலு ராத்திரி, வெனிஸ் மூணு, ஒரே ஒரு மாற்றம், நேர் ட்ரெயின் சுமார் நாலு மணி நேரம். நாலு மணி நேரம் நீளம்தான், ஆனா அன்னைக்கு அது ஒண்ணுதான் வேலை, பசங்களுக்கு மணிக்கு 300 கிலோமீட்டர் ஸ்பீடு போர்டுல காட்டறதே வேடிக்கை, கட்டுச்சோறு எடுத்துட்டு போனா மதிய சாப்பாடும் முடிஞ்சுது.

சோறுன்னு சொன்னதும் ஞாபகம் வருது. ஹோட்டல் ரூம விட சின்ன கிச்சன் இருக்கற அபார்ட்மென்ட் எடுங்க, நாலு பேருக்கு ஒரே ரூம்னு ஹோட்டல்ல தேடினாலும் சிக்காது, எத்தன பேர்னு பதிஞ்சிருக்கோ அதுக்கு மேல குழந்தையா இருந்தாலும் விட மாட்டாங்க. சூப்பர்மார்க்கெட்ல அரிசியும் சர்க்கரை போடாத வெள்ளை யோகர்ட்டும் கிடைக்கும், ராத்திரி ஆறு மணிக்கு தயிர்சாதம் போட்டு தூங்க வெச்சிடலாம், வெளிய சாப்பாடு மதியம். பசங்களுக்கு மெனுல இல்லன்னாலும் பாஸ்தா இன் பியாங்கோன்னு கேட்டா வெண்ணெய்யோ ஆலிவ் எண்ணெய்யோ போட்டு வெறும் பாஸ்தா குடுப்பாங்க, எந்த கடையிலயும் முகம் சுளிக்க மாட்டாங்க. ரோம்ல பீட்சாவ கத்திரியால வெட்டி எடை போட்டு விக்கற கடை தெருவுக்கு தெரு இருக்கு, அது நம்ம பசங்களுக்கு வரப்பிரசாதம். சுத்த சைவம்னா கவனிக்க வேண்டியது ரெண்டு, பார்மிஜானோ சீஸ்ல கன்னுக்குட்டி வயித்துலேருந்து எடுக்கற ரென்னெட் சேக்கறாங்க, ரோம்ல விக்கற சுப்ளிங்கற அரிசி போண்டா சைவம் மாதிரி தெரியும், பெரும்பாலும் உள்ள கறி சாஸ் இருக்கும். முட்டை சாப்பிடாதவங்க ஃப்ரெஷ் பாஸ்தா தவிர்த்துட்டு காஞ்ச பாஸ்தா கேளுங்க. பில்லுல கொப்பெர்த்தோன்னு ஆளுக்கு ஒண்ணு ரெண்டு யூரோ வரும், ஏமாத்தறாங்கன்னு சண்டை போடாதீங்க, உக்காந்து சாப்பிடறதுக்கு அங்க அது வழக்கம்.

எப்போ போறதுங்கறதுல நமக்கு ஒரு அதிர்ஷ்டம், நம்ம ஊர் பள்ளிக்கூட லீவும் அங்க நல்ல பருவமும் ஏப்ரல் கடைசி, மே மாசத்துல ஒண்ணா விழுது. ஈஸ்டர் வாரத்த தவிருங்க, ஏப்ரல் 25, மே 1 அவங்களுக்கு அரசு விடுமுறை, அத ஒட்டி கூட்டம் அள்ளும். மாசத்துல முதல் ஞாயிறு அரசு மியூசியம் எல்லாருக்கும் இலவசம், நல்லா இருக்கேன்னு அன்னைக்கு கொலோசியம் போயிடாதீங்க. ஜூலை, ஆகஸ்ட் வெயில் சென்னைய விட பரவாயில்லன்னு நினைச்சா அங்க நாள் பூரா வெளிய நடக்கணும்ங்கறத மறந்துடறோம்.

விசாவுக்கு இந்த பிரிக்கற வேலை முன்னாடியே முடிஞ்சிருக்கணும், ஏன்னா எந்த ராத்திரி எங்கன்னு ஹோட்டல் புக்கிங்கோட காட்டணும். அதனால ரத்து பண்ணக்கூடிய ரூமா பாத்து போடுங்க. ஷெங்கன்ங்கற ஐரோப்பிய நாடுகளோட பொது விசாவுக்கு கட்டணம் பெரியவங்களுக்கு 90 யூரோ, 6லேருந்து 12 வயசுக்குள்ள 45, ஆறு முடியாத குழந்தைக்கு இல்ல, சர்வீஸ் சார்ஜ் தனி. இன்ஷூரன்ஸ் குறைஞ்சது 30,000 யூரோவுக்கு இருக்கணும். ஆறு மாசம் முன்னாடியே அப்ளை பண்ணலாம், கோடை லீவுக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைக்கறதுதான் பெரும்பாடு, பொங்கல் முடிஞ்ச கையோட ஆரம்பிச்சிடுங்க. பசங்க பிறப்பு சான்றிதழ் எடுத்து வைங்க, அப்பா அம்மா ரெண்டு பேருல ஒருத்தர் வரலன்னா அவங்க சம்மதக் கடிதமும் வேணும்.

ட்ரெயின் டிக்கெட் விசா வந்ததும், கொலோசியம் முப்பது நாள் முன்னாடி, வாப்பரெட்டோ பாஸ் அங்க போயி பாத்துக்கலாம். கிளம்பற வாரத்துல ஸ்ட்ரைக் ஏதாவது அறிவிச்சிருக்காங்களான்னு ஒரு தடவை பாருங்க, ஷோப்பெரோன்னு போட்டிருப்பாங்க, இத்தாலில அது சகஜம், ஆனா தேதி முன்கூட்டியே சொல்லிடுவாங்க.

எங்க வீட்டுல இன்னும் முடியாதது ஒண்ணு இருக்கு. ரோம் வெனிஸ் ட்ரெயின் ஃப்ளாரன்ஸ் வழியாத்தான் போகுது, அங்க இறங்கி ஸ்டேஷன்லயே பெட்டிய காசு குடுத்து வெச்சுட்டு நாலு மணி நேரம் சுத்திட்டு அடுத்த ட்ரெயின் ஏறலாம்ங்கறார் வீட்டுக்காரர், ஸ்டேஷன்லேருந்து கதீட்ரல் நடக்கற தூரம்தான், சிக்னோரியா சதுக்கமும் கலிலியோ மியூசியமும் அதுக்கு கொஞ்சம் தள்ளி. ஒரே டிக்கெட்டுக்கு பதிலா ரெண்டு டிக்கெட், வெனிஸ் போய் சேர ராத்திரி ஆயிடும், சின்னவன் தூங்கிட்டா தூக்கிட்டு பாலம் ஏறணும். நான் வேணாம்ங்கறேன், பொண்ணு விரல பாத்தே ஆகணும்ங்கறா, ரெண்டுக்கு ஒண்ணு, சின்னவனோட ஓட்ட ஜெலாட்டோ ஐஸ்கிரீம் குடுத்து அவங்க பக்கம் வாங்கிட்டாங்க. ட்ரெயின் டிக்கெட் போடற அன்னைக்கு பாத்துக்கலாம்.